வந்து மறையும் வன்தட்டு

கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் வன்தட்டு, அதாவது கடையில் ஹார்டு டிஸ்க் என்று கேட்டு வாங்கப்படும் கருவி, ஒரேயடியாகச் செயலிழந்துவிட்டால் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இருப்பதில்லை. காலையில் கணினியின் கண்ணுக்குத் தெரிந்து, மதியம் மறைந்து, மறுநாள் ஒன்றுமே நடவாததுபோல் திரும்பி வரும் வன்தட்டே உரிமையாளரையும் பழுதுபார்ப்பவரையும் ஒருசேர அலைக்கழிக்கிறது. கடையின் மேசைக்கு வந்தவுடன் ஒழுங்காக ஓடுவதும், தறிக்கூடத்துக்கோ பண்ணைக்கோ திரும்பிய மறுநாளே காணாமல்போவதும் இந்தப் பழுதின் இயல்பு. இளம்பிள்ளையின் சேலை வடிவமைப்புக் கூடங்கள், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் கணக்கறைகள், நாமக்கல்லின் கோழிப் பண்ணை அலுவலகங்கள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி நிறுவனங்கள் ஆகியவற்றில் வரவுசெலவும் வடிவங்களும் கண்காணிப்புக் காட்சிகளும் இத்தகைய தட்டுகளில்தான் தங்கியிருக்கின்றன என்பதால், ‘சில சமயம் டிடெக்ட் ஆகுது, சில சமயம் ஆகல’ என்ற புகார் சேலம், நாமக்கல் வட்டாரத்தின் சர்வீஸ் கடைகளுக்குப் புதிதன்று. அதற்குக் கிடைக்கும் வழக்கமான விடை ‘டிஸ்க் போயிருச்சுங்க, புதுசு போட்டுக்கங்க’ என்பதாகும். பல வேளைகளில் இது அவசரத் தீர்ப்பு. தட்டு எந்த நேரத்தில், எந்தச் சூழலில் மறைகிறது என்று பொறுமையாகக் குறித்துவந்தால், பழுது தட்டுக்குள் இருக்கிறதா, மின்சாரமும் தகவலும் தட்டுக்கு வந்துசேரும் வழியில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

கணினி ஒரு வன்தட்டைக் கண்டுகொள்வது நொடியில் முடியும் ஒற்றைச் செயலாகத் தோன்றினாலும், அதற்குள் பல கட்டங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. மின்சாரம் வந்ததும் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று என்ற முழு வேகத்தை எட்ட வேண்டும். அந்த வேகத்தில் உண்டாகும் காற்றுப் படலத்தின்மேல், ஹெட் எனப்படும் படிப்புமுனை தட்டின் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டும். பிறகு, பயனரின் கண்ணில் படாத ஒரு பகுதியில் எழுதப்பட்டிருக்கும் தன் சொந்த இயக்க நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, வன்தட்டு தானே படித்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையே மதர்போர்டு எனப்படும் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையும் வன்தட்டும், சாட்டா என்ற இணைப்பின் வழியே சைகைகளைப் பரிமாறிக்கொண்டு, எந்த வேகத்தில் தகவல் அனுப்புவது என்று உடன்படுகின்றன. அதன்பின் மதர்போர்டு அடையாளம் கேட்டு அனுப்பும் கட்டளைக்கு வன்தட்டு தன் மாதிரிப் பெயர், வரிசை எண், கொள்ளளவு ஆகியவற்றை விடையாகத் தருகிறது. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் திரையில் அந்தப் பெயர் தோன்றுவதையே டிடெக்ட் ஆவது என்கிறார்கள். மின்சாரம், கேபிள், இணைப்பு வாய், மோட்டார், ஹெட், நிரல் ஆகியவற்றுள் எது தடுமாறினாலும் திரையில் பெயர் வராது என்பதால், பெயர் வரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தட்டைக் குற்றவாளியாக்குவது முறையாகாது. பயாஸில் பெயர் வந்தும் விண்டோஸில் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் வட்டுப் பிரிவுகளின் கோளாறு. பெயர் வந்தும் கொள்ளளவு சுழியம் என்று காட்டினாலோ, பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற எழுத்துகள் வந்தாலோ, பழுது தட்டின் உள்ளேதான் என்று கருத நிரம்ப இடமுண்டு.

ஆய்வைத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தட்டு தென்படும் நேரத்தில், வேறெதையும் தொடாமல், இன்றியமையாத கோப்புகளை முதலில் இன்னொரு தட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் பத்துமுறை அணைத்து ஏற்றிப் பார்ப்பதும், தட்டைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு விண்டோஸ் தானே முன்வந்து ஓட்டும் சோதனையை அனுமதிப்பதும் ஆபத்தானவை. அந்தச் சோதனை கோப்பு அமைப்பின் ஒழுங்கைத்தான் மீட்க முயல்கிறதே தவிர, பயனரின் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் நோக்கம் அன்று; படிக்க இயலாத இடங்களைத் திரும்பத் திரும்பத் துழாவித் தளர்ந்த ஹெட்டை அது மேலும் வருத்துகிறது. இவ்வேலைக்கென்றே உள்ள இலவச நிரல்களுள் குனூ டிடிரெஸ்க்யூ குறிப்பிடத்தக்கது. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதல் சுற்றில் வாரி எடுத்துக்கொண்டு, முரண்டுபிடிக்கும் பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்து, எதுவரை எடுத்தாயிற்று என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், தட்டு நடுவழியில் மறைந்தாலும் அடுத்தமுறை தென்படும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. வந்து மறையும் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை எனலாம்.

அடுத்து, கணினியே எழுதிவைத்திருக்கும் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்ற பகுதியில், தட்டோடு நேர்ந்த ஒவ்வொரு தகராறும் நாள், மணி, நொடியுடன் பதிவாகிறது. 129 என்ற எண்ணுடைய பதிவு, தட்டு விடை தராததால் இணைப்பு மீட்டமைக்கப்பட்டதையும், 157 என்பது தட்டு எதிர்பாராமல் அகற்றப்பட்டதாகக் கணினி உணர்ந்ததையும், 7 என்பது தட்டின் பரப்பில் படிக்க முடியாத இடம், அதாவது பேட் செக்டர், எதிர்ப்பட்டதையும் குறிக்கின்றன. முதல் இரண்டு மட்டும் மிகுந்திருந்தால் ஐயம் முதலில் கேபிளின் மேலும் மின்சாரத்தின் மேலும் விழ வேண்டும். மூன்றாவது மிகுந்திருந்தால் தட்டின் மேல். இந்த நேரங்களைக் கூடத்தில் நடப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே பயன்தரும் வேலை. மதிய உணவுக்குப் பின் தறிகள் ஒருசேர ஓடத் தொடங்கும் நேரமா, பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் போடும் நேரமா, மின்தடை ஏற்பட்டு யுபிஎஸ்ஸுக்கு மாறும் கணமா என்று பார்த்தால், பட்டியலில் ஓர் ஒழுங்கு தலைகாட்டும். எந்த ஒழுங்கும் இல்லையென்றால் அதுவும் ஒரு தகவலே. தொடுப்பு தளர்ந்திருப்பதை, இங்குள்ளோர் சொல்வதுபோல் லூஸ் கான்டாக்ட்டை, அது பெரும்பாலும் சுட்டுகிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஐயப்பட வேண்டியவற்றின் வரிசையில் மின்சாரத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சேலம் மாவட்டத்து மேட்டூரில் நீர்மின்சாரமும் அனல்மின்சாரமும் உற்பத்தியாகியும், 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த மின்தடையிலிருந்து இவ்வட்டாரம் தப்பவில்லை. இன்று தடை குறைந்துவிட்டபோதிலும், விசைத்தறிகளும் பாசன மோட்டார்களும் ஒரே மின்மாற்றியைப் பகிர்ந்துகொள்ளும் சிற்றூர்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது ஓயவில்லை. ஆனால் வன்தட்டு நேரடியாக 230 வோல்ட்டை உண்பதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துத் தருகிறது. மேசைக் கணினியின் வன்தட்டில் மோட்டாருக்கு 12 வோல்ட்டும் மின்னணுச் சுற்றுக்கு 5 வோல்ட்டும் போகின்றன. கணினி மின்வழங்கிகளுக்கான தரவிதி இவ்விரண்டிலும் 5 விழுக்காடு ஏற்றஇறக்கத்தையே ஏற்கிறது. அதாவது 12 வோல்ட் 11.4க்குக் கீழும், 5 வோல்ட் 4.75க்குக் கீழும் போகக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சிக்கனமாக இருக்கும் மூன்றரை அங்குல வன்தட்டு, நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் தடத்தில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுப்பதால், வலுக்குறைந்த எஸ்எம்பிஎஸ் முதலில் காலைவாரும் இடம் அதுதான். தட்டு சுழல முயன்று, அழுத்தம் சரிந்து, நின்று, மீண்டும் முயலும். இரண்டாவது வன்தட்டையோ கிராஃபிக்ஸ் கார்டையோ சேர்த்தபின் பழைய தட்டு மறையத் தொடங்கினால் வேறு சான்று தேவையில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயதாவது பெரும்பாலும் அதிலுள்ள மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், உலர்வதால்தான். சுவர் மின்சாரம் அறுந்தபின்னும் சுமார் 16 மில்லிநொடி வரை கணினியைத் தாங்கும் இருப்பு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உண்டு. இப்பகுதியில் பரவலாக உள்ள விலைகுறைந்த யுபிஎஸ்கள் மின்தடையை உணர்ந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லிநொடிகள் எடுத்துக்கொள்வது அந்த இருப்பை நம்பித்தான். கெப்பாசிட்டர் உலர்ந்து இருப்புக் குறைந்த பெட்டியில், கரண்ட் போகும் கணத்தில் கணினி அணையாமல் தப்பினாலும் வன்தட்டு மட்டும் ‘டக்’ என்ற ஒலியுடன் ஹெட்டை ஒதுக்கிக்கொண்டு மறைந்துவிடும். மின்சாரம் திடீரெனத் தவறும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரையே சிறு மின்னாக்கியாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு ஹெட்டைத் தட்டின் பரப்பிலிருந்து அப்புறப்படுத்தும் ஏற்பாடு ஒவ்வொரு வன்தட்டிலும் இருக்கிறது. அழகான பொறியியல் இது. ஆயினும் நாள்தோறும் பலமுறை இயக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று.

மல்டிமீட்டரால் இதை ஓரளவு அளக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும், பயன்படாமல் தொங்கும் நான்குமுனைச் செருகியில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட்டும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட்டும் இருக்க வேண்டும். கணினியை ஏற்றும்போதும், கனமான வேலை ஓடும்போதும் அளப்பதுதான் அளவு. சும்மா இருக்கும்போது எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் யோக்கியமாகவே காட்டும். சாதாரண மீட்டர் கணநேரச் சரிவைப் பிடிக்காது என்பதால், ஐயம் தீராவிட்டால் நல்ல நிலையில் உள்ள இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது என்ற புகாரும் சேர்ந்திருந்தால் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டு அதன் ரெசிஸ்டன்ஸ் கூடிவிடுவது இந்தப் பக்கத்தில் எலக்ட்ரீஷியன்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. குழியில் தண்ணீர் ஊற்றியதும் கணினியின் கிறுக்குத்தனம் அடங்கினால் யாரும் வியக்க வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கு அடுத்தது கேபிள். 2003இல் அறிமுகமான சாட்டா முறையில், தகவலுக்கு ஏழு தொடுமுனைகள் கொண்ட ஒரு மெல்லிய செருகியும், மின்சாரத்துக்குப் பதினைந்து தொடுமுனைகள் கொண்ட அகலமான செருகியும் உண்டு. கணினிக்குள் பயன்படும் சாட்டா இணைப்பு ஏறத்தாழ 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஒவ்வொரு புகாருக்கும் கேபிளைக் கழற்றி, ஊதி, மீண்டும் செருகும் பழக்கம் அந்த ஆயுளைத் தின்கிறது. ஊதும்போது சேரும் எச்சில் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். தொடக்ககாலக் கேபிள்களில் பிடிப்பு இல்லை. பிறகு வந்தவற்றில் உலோகக் கொக்கி சேர்க்கப்பட்டது. கேபினட்டின் பக்க மூடி அழுத்தி மடிந்த கேபிளில், மேசையடியில் கால் படும்போதும் தறியின் அதிர்வு தரைவழி ஏறும்போதும் தொடுப்பு விட்டுவிட்டு வரும். புதிய கேபிள் மலிவானது. ஐம்பது, நூறு ரூபாய்ப் பொருளை மாற்றிப் பாராமல் சில ஆயிரம் ரூபாய்த் தட்டை மாற்றுவது எப்படி வழக்கமாயிற்று என்பது புரியாத புதிர். நான்குமுனைச் செருகியைச் சாட்டா மின்செருகியாக மாற்றும் இடையிணைப்பிகளைத் தேர்வதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: கம்பிகளை அச்சில் வைத்துப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகைகளில் கம்பிகள் உள்ளே ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றிய நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன.

கேபிளின் குற்றத்தைத் தட்டே எண்ணிவைக்கிறது. வன்தட்டுகளில் ஸ்மார்ட் என்றழைக்கப்படும் தற்சோதனைப் பதிவேடு ஒன்று உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் அதைக் காட்டும். அதில் 199ஆம் எண்ணில் இருப்பது, தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே பயணித்த தகவல் வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் பிடிபட்டு, மீண்டும் அனுப்பப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. தட்டின் பரப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஏறிக்கொண்டே போனால் பழுது பெரும்பாலும் கேபிளிலோ தொடுமுனையிலோ இணைப்பு வாயிலோ இருக்கிறது. மாறாக, 5ஆம் எண் பழுதான இடங்களுக்கு மாற்றிடம் ஒதுக்கப்பட்டதையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்களையும், 10ஆம் எண் மோட்டார் முதல் முயற்சியில் வேகமெடுக்காமல் மறுமுயற்சி செய்ததையும் குறிப்பவை என்பதால், இவை ஏறினால் நோய் தட்டினுள்தான். 10ஆம் எண்ணில் மட்டும் ஒரு சிக்கல்: மோட்டார் தளர்ந்தாலும் அது ஏறும், 12 வோல்ட் போதாமல் போனாலும் ஏறும். எனவே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்கும்வரை அதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது.

இணைப்பு வாய் என்ற போர்ட்டே நோயாளியாக இருக்கலாம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், தன் ஆறாம் வரிசைச் சில்லுத் தொகுதிகளில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்து விநியோகத்தை நிறுத்தியது. அந்தச் சில்லுகள் பொருத்தப்பட்ட மதர்போர்டுகளில் ஆறு சாட்டா போர்ட்டுகளுள் வேகம் கூடிய 0, 1 இரண்டும் பழுதின்றி இருக்க, 2 முதல் 5 வரையிலான நான்கும், கடிகாரச் சைகை தரும் சுற்றிலிருந்த ஒரு டிரான்சிஸ்டரில் மின்கசிவு நாளடைவில் கூடுவதால், மெல்ல மெல்லத் தரம் குன்றக்கூடியவையாக இருந்தன. பிழையைத் திருத்தி மாற்றித்தர ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவாகும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. புதிதாக வாங்கியபோது நன்றாக இருந்த கணினியில் ஓராண்டோ ஈராண்டோ கழித்து வன்தட்டு விட்டுவிட்டு மறைவதற்கு, தட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லாமலே காரணம் அமைய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. ஆகவே கேபிளை மாற்றிய அடுத்த படி, போர்ட்டை மாற்றிச் செருகிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் போர்ட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒருசேர மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்பவருக்கு எது பழுது என்பது தெரிவதேயில்லை.

காலையில் முதன்முறை ஏற்றும்போது தெரியாமல், அணைக்காமல் ரீஸ்டார்ட் செய்தவுடன் தெரியும் தட்டு இன்னொரு வகை. முதல்முறை தட்டு முழு வேகத்தை எட்டுமுன்பே பயாஸ் தேடி முடித்துவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாம்முறை தட்டு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் உடனே விடை தருகிறது. பயாஸில் ஃபாஸ்ட் பூட் என்ற விரைவுத் தொடக்க அமைப்பை நிறுத்திவிட்டால் பல தட்டுகள் இதிலிருந்து மீளும். ஆனால் முன்பு தெரிந்துகொண்டிருந்த தட்டு இப்போது தாமதிக்கிறது என்றால், அதன் மோட்டார் முன்னைவிட மெதுவாக எழுகிறது என்பதுதான் பொருள். அமைப்பை மாற்றியதால் அறிகுறி மறையுமே தவிர முதுமை மறையாது.

இதற்கு நேர்மாறாக, ஏற்றியவுடன் நன்றாக ஓடி அரைமணி கழித்து மறைவது வெப்பத்தின் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க, தகரமோ சிமென்ட் அட்டையோ வேய்ந்த கூடத்தின் மூலையில், காற்றோட்டமின்றி மேசைக்கடியில் திணிக்கப்பட்ட கேபினட்டினுள் வெப்பம் அதையும் விஞ்சும். பெரும்பாலான வன்தட்டுகளின் இயங்கு வெப்ப வரம்பு 60 பாகைதான். சூடேறும்போது ஈயப்பற்று நுண்ணளவில் விரிவதால், ஏற்கெனவே விரிசல் கண்ட பற்று திறந்துகொள்கிறது, குளிர்ந்தால் மூடிக்கொள்கிறது. குளிரூட்டப்பட்ட கடையில் நாளெல்லாம் ஒழுங்காக ஓடிய தட்டு கூடத்தில் மட்டும் மறைவதன் மர்மம் பல நேரங்களில் இவ்வளவுதான். பக்க மூடியைத் திறந்துவைத்து மேசை மின்விசிறியைத் திருப்பிவைத்தால் மறைவு நின்றுபோகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

தூசியும் காற்றும் இவ்வட்டாரத்துக்கே உரிய பங்கை ஆற்றுகின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம், தாரமங்கலம் தறிக்கூடங்களின் பஞ்சுத் துகள் கேபினட் விசிறியில் கம்பளியாகப் படிந்து காற்றை அடைக்கிறது. கோழிப் பண்ணையில் எச்சத்திலிருந்து எழும் அமோனியா வளி, ஈரம் சேரும்போது செம்பையும் அதன் கலவைகளையும் அரிக்கும் தன்மையுடையது. பண்ணைக் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் அலுவலக அறையை அமைத்திருப்பவர்களின் கணினியில் தொடுமுனைகள் கறுப்பது இயல்பே. வன்தட்டின் அடிப்புறத்துச் சுற்றுப்பலகைக்கும் உள்ளிருக்கும் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் இடையிலான இணைப்பு, பல மாதிரிகளில் பற்றுவைக்கப்படாமல், வில்போன்ற முனைகள் பலகையின் திட்டுகளை அழுத்தித் தொடுவதால் மட்டுமே நிலைக்கிறது. அந்தத் திட்டுகள் கறுத்துவிட்டால் தட்டு சில நாள் எழும், சில நாள் எழாது. உத்தரவாதக் காலம் முடிந்த தட்டானால், நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றிப் பலகையை மட்டும் எடுத்து, மென்மையான பென்சில் ரப்பரால் திட்டுகளைத் தேய்த்து, துகளைத் தூரிகையால் அகற்றி மீண்டும் பூட்டுவது அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள் கையாளும் முறை. மேல்மூடியைத் தொடவே கூடாது. அதிலுள்ள மூச்சுத்துளையை ஒட்டுநாடாவால் அடைப்பதும் தவறு. உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாவது அதன் வழியாகத்தான்.

கணினியைவிட இன்று இப்பழுது மிகுதியாகத் தலைகாட்டும் இடம் சிசிடிவி பதிவுப்பெட்டி. தீவனக் கிடங்கு, முட்டை அறை, ரிக் வண்டி நிறுத்தும் காலிமனை எங்கும் இப்பெட்டிகள் இரவுபகல் ஓடுகின்றன. இவற்றுள் சிறியவற்றுக்குள் எஸ்எம்பிஎஸ் இருப்பதில்லை. பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றுதான் பெட்டியையும் அதிலுள்ள வன்தட்டையும் சேர்த்து ஓட்டுகிறது. தட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் தானே ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும் என்று முன்பு கண்டதை இதோடு வைத்துப் பார்த்தால், ஓராண்டு வெயிலில் வெந்து வலுவிழந்த அடாப்டர் ஏன் தட்டை எழுப்ப முடியாமல் திணறுகிறது என்பது விளங்கும். பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்தி, வன்தட்டு இல்லை என்று காட்டி, சற்றுநேரம் கழித்துத் தானாகவே சரியாகும். கேமராக்களும் அதே மின்வழங்கியில் தொங்கினால் பழுது இரவில் மட்டும் தோன்றும். இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து மின்னிழுப்பைக் கூட்டுவதே காரணம். திருட்டு நடந்த இரவின் காட்சி மட்டும் பதிவாகவில்லை என்று வேலையாளைச் சந்தேகிப்பதற்குமுன், கூடுதல் ஆம்பியர் கொண்ட தரமான அடாப்டரை மாட்டிப் பார்ப்பது நியாயம்.

யுஎஸ்பி வழியே இணைக்கும் வெளித்தட்டுகளும் இதே பசியால்தான் பெரும்பாலும் மறைகின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியரும் 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியரும் தரக் கடமைப்பட்டவை. கேபினட்டின் முன்புறப் போர்ட்டுகள் நீண்ட உட்கம்பியின் வழியே வருவதால் நடைமுறையில் இன்னும் குறைவாகவே தருவதுண்டு. பின்புறப் போர்ட்டில், குட்டையான கேபிளில் மாட்டிப் பார்ப்பது முதல் மருத்துவம். இன்னொரு விசித்திரம், வெளித்தட்டின் உறையைப் பிரித்து உள்ளிருக்கும் மூன்றரை அங்குலத் தட்டை மேசைக் கணினியில் பொருத்துபவர்களுக்கு நேர்கிறது: ஒரு கணினியில் தெரியும், மற்றொன்றில் தெரியவே தெரியாது. 2016இல் வந்த சாட்டா 3.3 தரவிதி, மின்செருகியின் மூன்றாம் முனையைத் தட்டை அணைக்கும் கட்டளைக்கென்று ஒதுக்கியது. பழைய எஸ்எம்பிஎஸ்கள் அதே முனையில் 3.3 வோல்ட்டை நிரந்தரமாக அனுப்புவதால், அணைந்தே இருக்கச் சொல்வதாகத் தட்டு பொருள்கொள்கிறது.

மின்சாரமும் கேபிளும் போர்ட்டும் குற்றமற்றவை என்றான பின்னும் தட்டு மறைந்தால், அதன் சொந்த நிரலை நோக்க வேண்டும். சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசையில், 2008 டிசம்பர்வரை தயாரான தட்டுகளுள் ஒரு பகுதி, முந்தைய நாள்வரை நன்றாக ஓடி, மறுநாள் ஏற்றும்போது பயாஸில் காணாமல்போயின. தட்டு தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் உட்பதிவேட்டின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும் வேளையில் கணினியை அணைத்து ஏற்றினால் நிரல் முடங்கிப்போனதே காரணம். தட்டில் இருந்த கோப்புகள் ஒரு சேதமும் இன்றி உள்ளேயே இருந்தன. 2009 ஜனவரியில் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு திருத்திய நிரலை வெளியிட்டது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கும் விலக்கில்லை. க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி, மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் திடீரென விடைதர மறுத்தது. அணைத்து ஏற்றினால் ஒரு மணி நேரம் ஓடி மீண்டும் மறைந்தது. 2012 ஜனவரியில் வந்த நிரல் திருத்தம் அதைக் குணப்படுத்தியது. மணிக்கணக்கில் துல்லியமாகத் திரும்பும் மறைவு இருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் அம்மாதிரிக்குப் புதிய நிரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேற்கொண்டு நடக்க வேண்டும். நிரலை மாற்றுவதற்குமுன் நகல் எடுத்திருக்க வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

ஒலியும் ஒரு சான்று. சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று தட்டித் தட்டி நின்றுபோவது, ஹெட் தன் இருப்பிடத்தைக் காண முடியாமல் அலைவதன் அறிகுறி. பலவீனமான மின்சாரத்திலும் இதுபோன்ற ஒலி வரலாம் என்பதால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரேயொரு முறை கேட்டுப் பார்க்கலாம். அங்கும் அதே ஒலி என்றால் உடனே அணைத்துவிட்டுத் தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்துக்கு அனுப்புவதே வழி. குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் ஓடும் என்ற பழைய கைவைத்தியம், வெளியே எடுத்ததும் உள்ளே வேர்க்கும் ஈரத்தால் இருப்பதையும் கெடுக்கும். முன்னறையில் மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றை நினைவூட்டலாம்: ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட சில நானோமீட்டர் இடைவெளியில் நுழைய, கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத்தூசியே அளவுக்கு மிஞ்சிய பருமன்.

ஸ்மார்ட் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவுகோல் உண்டு. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கண்காணித்து வெளியிட்ட ஆய்வில், பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு என்று கண்டனர். அதே ஆய்வில், செயலிழந்த தட்டுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை எந்த முன்னெச்சரிக்கையும் தரவில்லை. எனவே பதிவேடு கெட்டது என்று சொன்னால் நம்ப வேண்டும்; நல்லது என்று சொல்வதை முழுதும் நம்பக் கூடாது. கேபிளையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ மாற்றித் தட்டு நிலைத்துவிட்டதாகத் தோன்றும்போது செய்யவேண்டியது 5, 197, 199 ஆகிய மூன்று எண்களின் அளவையும் அன்றைய தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உட்புறம் ஒட்டிவைப்பதுதான். 199ஆம் எண்ணின் கணக்கு பழுது நீங்கினாலும் குறையாது, அழியாது. ஆகவே அது பெரிதாக இருப்பதில் அச்சமில்லை, மாதம் ஒன்று கழித்துப் பார்க்கும்போது ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. மூன்றும் அப்படியே நின்றால் அந்தத் தட்டை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிள் வேட்டை இன்னும் முடியவில்லை. 5ஓ 197ஓ ஒன்றேனும் ஏறியிருந்தால், கணக்குக் கோப்புகளையும் சேலை வடிவங்களையும் அதிலிருந்து இறக்கிவிட்டு, போனாலும் வருத்தமில்லாத சினிமாப் படங்களை வைத்துக்கொள்ள அதை ஒதுக்கிவிடலாம்.